பறவை வட்டத்து வாசலில் ஒரு துண்டு

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள், வகுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரமே ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

வட்டம் என்றால் பன்னிரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியர், ஒரே ஒரு கேள்வி. முதல் வருடம் முழுக்கத் தரையில் வட்டமாக உட்கார்ந்து அந்தக் கேள்வியைத்தான் பேச வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து பாடத்திட்டம் சொல்வதுதான் படிப்பு. மனசுக்குப் பிடித்ததைப் படிக்க இந்த ஒரு வருடம்தான்.

இதற்கு விண்ணப்பமோ கையெழுத்தோ கிடையாது. வேண்டிய வட்டத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுக் கூடத்தில் காத்திருக்கலாம். ஒரு வாசலில் பன்னிரண்டு ஜோடி சேர்ந்துவிட்டால் அங்கே வேறு யாரும் செருப்பு விடக்கூடாது. பகல் பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் மாற்றிக்கொள்ள முடியாது.

அந்த வருடம் சேர்ந்தவர்களில் ஒருவர் சிங்காரவேலு. வயது அறுபது. முப்பத்திரண்டு வருடம் கோடியக்கரை வண்டியில் கண்டக்டராக இருந்தவர்.

ஓய்வு பெற்றவர் ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் படிப்பார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ மாலை வகுப்பில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டு, மறு தடவை பாஸ் செய்தார். "இனிமே என்ன, கலெக்டர் வேலையா?" என்றாள் மனைவி. "காலேஜ்" என்றார். சொன்னால் சொன்னதுதான். பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை.

மாலை வகுப்பில் அவரைக் கைதூக்கி விட்டவர் பொற்கொடி டீச்சர். சிங்காரவேலுவின் மகளைவிட இரண்டு வயது இளையவர். இப்போது அதே கல்லூரியில்தான் வேலை. இவர் அவரை டீச்சரம்மா என்பார். அவர் இவரை, வண்டியில் எல்லாரும் கூப்பிட்ட மாதிரியே, அண்ணே என்பார்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு சிங்காரவேலு ஒரு காரியம் செய்தார்.

தன் செருப்பைச் சாலை வட்டத்தின் வாசலில் விட்டார். சாலையால் ஊர் வளர்கிறதா, ஊரால் சாலை வளர்கிறதா என்பது அங்கே கேள்வி. நாற்பத்தொரு நிறுத்தத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்கிற மனிதருக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவர் செருப்போடு அந்த வாசலில் பன்னிரண்டு ஜோடி நிறைந்தது.

அப்புறம் வெறுங்காலோடு பறவை வட்டத்துக்குப் போனார். பறவைக்கு வழி எப்படித் தெரிகிறது என்பது அங்கே கேள்வி. வாசலில் பதினோரு ஜோடி கிடந்தது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பன்னிரண்டாவது இடத்தில் போட்டார்.

முப்பத்திரண்டு வருடமாக ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைத் திட்டித் தீர்த்தவர்தான். தனக்கென்று வந்தபோது கை தானாகத் துண்டுக்குப் போய்விட்டது.

கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு பொற்கொடி டீச்சர் அந்தத் துண்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது ஒங்களுதா அண்ணே?"

"ஆமா டீச்சரம்மா. எடம் புடிச்சு வச்சேன்."

"செருப்பு?"

"அது சாலை வட்டத்துல கெடக்கு."

"நீங்க எங்க ஒக்காரப் போறீங்க?"

"மணி அடிக்கிறதுக்குள்ள ஒரு முடிவுக்கு வந்துடுவேன்."

டீச்சர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வண்டியில ஒரு சீட்டுல துண்டு கெடக்கு. பக்கத்துல ஒரு பொண்ணு நிக்கிது. என்ன செய்வீங்க?"

"துண்டத் தூக்கிக் கம்பியில போட்டுட்டு, ஒக்காரும்மான்னு சொல்லுவேன். துண்டா டிக்கெட் வாங்கியிருக்கு?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பறவை வட்டத்து வாசல்ல ஒரு பொண்ணு அரை மணி நேரமா நிக்கிது. துண்டு யாருதுன்னு கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார் டீச்சர்.

சிங்காரவேலு எட்டிப் பார்த்தார். பதினேழு வயதுப் பெண் ஒன்று, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே, வெளியே சொல்லக்கூடாது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"அந்தப் புள்ளைக்கே குடுத்துடுங்க. படிக்கிற வயசு. நான் சாலைக்கே போயிடுறேன்."

"பெரிய மனசு அண்ணே ஒங்களுக்கு. வாங்க, நீங்களே சொல்லிடுங்க."

இருவரும் போனார்கள். அந்தப் பெண்ணின் பெயர் நஸ்ரின்.

"செருப்ப இங்கயே விடும்மா" என்றார் சிங்காரவேலு. "எடம் ஒனக்குத்தான்."

நஸ்ரின் விடவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எனக்கு வேண்டியது சாலை வட்டம் சார். எங்க ஊருக்கு இன்னும் ரோடே வரல. அதக் கேக்கணும்னுதான் வந்தேன். பஸ்ஸப் புடிக்கவே மூணு கிலோமீட்டர் நடக்கணும், லேட்டாயிடுச்சு. அங்க பன்னெண்டும் நெறஞ்சிடுச்சுன்னாங்க. சரி, இங்கயாவது ஒக்காரலாம்னு பாத்தா துண்டு கெடந்துச்சு."

சிங்காரவேலு சாலை வட்டத்து வாசலைப் பார்த்தார். குதிகால் தேய்ந்த அவர் செருப்பு அங்கே ஓரமாகக் கிடந்தது. தாராள மனசு காட்டலாம் என்று வந்தவருக்கு முகம் விழுந்துவிட்டது.

டீச்சரைத் தனியாக நாலடி தள்ளி அழைத்துப் போனார்.

"உள்ளதச் சொல்லிடுறேன் டீச்சரம்மா. சாலைன்னா நான் ராஜா. பறவைன்னா காக்காயும் கொக்கும்தான் தெரியும். பேத்தி வயசுப் புள்ளைங்க நடுவுல ஒண்ணும் தெரியாம ஒக்காந்திருக்கணும். பயமா இருக்கு."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"கோடியக்கரையில வண்டி எவ்வளவு நேரம் நிக்கும் அண்ணே?"

"இருவது நிமிஷம்."

"பறவை எறங்குற தண்ணி எவ்வளவு தூரம்?"

"அஞ்சு நிமிஷ நட. பைனாகுலரோட வர்ற வெளியூர்க்காரங்களுக்கு வழி சொல்லி அனுப்புனதே நான்தான்."

"நீங்க எத்தன தடவ போயிருக்கீங்க?"

சிங்காரவேலு குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

"நான் அந்த ஊருப் பொண்ணு" என்றார் டீச்சர். "பள்ளிக்கூடம் விட்டு ஒங்க வண்டியிலதான் வந்து எறங்குவேன். நீங்க பின்படியில டீ கிளாஸோட ஒக்காந்து, தண்ணிப் பக்கமே பாத்துக்கிட்டு இருப்பீங்க."

"மார்கழியில அந்தச் சத்தம் வண்டி வரைக்கும் கேக்கும் டீச்சரம்மா. ஆயிரக்கணக்குல வந்து எறங்கும். எங்கேருந்து வருது, எப்புடி வருது, யாரு எடம் சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டே இருப்பேன். ஒரு தடவ கூடப் போயிப் பாத்ததில்ல."

"ஏன் போகல?"

"நான் போயிட்டு வர்றதுக்குள்ள வண்டி கெளம்பிட்டா?"

டீச்சர் மடித்த துண்டை உதறி அவர் தோளில் போட்டார்.

"விசில் யாரு கையில இருந்துச்சு அண்ணே?"

சிங்காரவேலு நஸ்ரினைக் கையசைத்துக் கூப்பிட்டார். பிறகு தன் செருப்பை எடுத்து வரச் சாலை வட்டத்து வாசலுக்கு நடந்தார்.