ஊஞ்சல் கயிறு அறுந்த கதை

வெகு காலத்துக்கு முன்னால் தேனூர்ச் சீமையை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் சிரித்தால் மாலையில் சீறுவான். ஊர் ஜனங்களுக்கென்று ஆசை ஆசையாக, ஊஞ்சல் கட்டி, ஒரு பூங்கா போட்டிருந்தான். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வாசல் அண்டாவில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். பொழுது சாய்ந்ததும் அளப்பார்கள். தினம் இரண்டு படி தேறும். அதைக் கேட்டால்தான் ராஜாவுக்குச் சோறே இறங்கும்.

சித்திரை பிறந்தது. இரண்டு படி போய் இரண்டு கைப்பிடி ஆகிவிட்டது! ராஜா இலையைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

வாசல் அதிகாரி பராங்குசருக்குத் தோட்டக்காரி செங்கமலத்தைக் கண்டாலே ஆகாது. பூங்காவைப் பார்த்தவர்கள் எல்லாம் அவளையல்லவா புகழ்கிறார்கள்! வாசலை யார் புகழ்வார்? சமயம் பார்த்துச் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, இவள் சித்திரையில் அரளி நட்டாள். சித்திரையிலிருந்து கூட்டம் இல்லை. ராசியில்லாத கை! ஊரைவிட்டே துரத்துங்கள்."

"சரிதான்! நாளைக்கே போகட்டும்!" என்றான் ராஜா.

கேட்டீர்களா அநியாயத்தை! செங்கமலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மந்திரி குழந்தையப்பர் மெல்லக் கனைத்தார். "மகாராஜா, தங்கள் கடைவாய்ப் பல் விழுந்ததும் சித்திரையில்தானே? அதையும் அரளி தலையில் கட்டிவிடலாமா?"

"ஓய், என் பல்லுக்கும் அரளிக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். இருக்கட்டும். போகிறவள் அரண்மனைச் சாமானை ஒப்படைத்துவிட்டுப் போகட்டுமே. ஊஞ்சல் கயிறுகூட நம்முடையதுதானே?"

செங்கமலம் ஓடிப்போய் ஒரு கட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து போட்டாள். எல்லாம் தேய்ந்து அறுந்தவை.

"இத்தனையும் எப்போது அறுந்தது, அம்மா?" என்றார் மந்திரி.

"இந்த ஒரு மாசத்துல, சாமி. முன்னெல்லாம் மாசத்துக்கு ஒண்ணுதான் மாத்துவேன். இப்ப ஆறு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ராஜா ஒரு கயிற்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். "ஆளே வராத பூங்காவில் கயிறு எப்படி அறுந்தது? பராங்குசரே, நீர் ஆடினீரா?"

சபை கொல்லென்று சிரித்தது.

"குறைந்தது கொட்டைதான், மகாராஜா. ஆள் குறைந்ததை யாரும் பார்க்கவில்லை," என்றார் மந்திரி. "அபயம் கொடுங்கள், இவளே மிச்சத்தைச் சொல்வாள்."

"கொடுத்தேன். சொல்லம்மா!"

"சித்திரையிலேருந்து வாசல்ல இந்த அதிகாரி ஐயா மகாராஜா பேர்ல இருநூறு பாட்டுப் பாடுறாரு. அத்தனையும் நின்னு கேட்டாத்தான் உள்ள விடுறாரு. கால் கடுத்துப் புள்ளைங்க அழுவுதுங்க. அதான் சனங்க பின்பக்கம் வேலி ஓட்டை வழியா வர்றாங்க. சொன்னா ஓட்டையை அடைச்சிருவீங்களேன்னு பயந்து சும்மா இருந்தேன், சாமி."

"அப்பாடா!" ராஜா நெஞ்சைத் தடவிக்கொண்டான். "என் ஜனங்கள் என்னைக் கைவிடவில்லை! சாப்பாட்டை எடுத்து வையுங்கள்!" தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கமலத்திடம் கொடுத்தான். மந்திரிக்குப் பட்டுச் சால்வை. அண்டாவை வேலி ஓட்டைக்கு மாற்றச் சொன்னான். "பராங்குசரே, நீர் வாசலிலேயே தினம் இருநூறும் பாடும். யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது!"

பராங்குசர் குனிந்த தலையோடு வாசலுக்கு நடந்தார்.

மறுநாள் மாலை. வேலி ஓட்டைக்குள் யாரோ திணறுகிற சத்தம். செங்கமலம் போய்ப் பார்த்தால், முள்ளில் தலைப்பாகை மாட்டிக்கொண்டு ராஜா! கையில் ஒரு புளியங்கொட்டை.

"ஐயோ, சாமி! வாசல் திறந்துதானே இருக்கு?"

"மெதுவாகப் பேசம்மா," என்றான் ராஜா. "அவர் நூற்றெண்பதுக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்."