கரண்ட் போனால் நினைவி ஏன் மறக்கிறாள்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்தவர்கள் எல்லாம் வாய்விட்டுப் பேசுவார்கள். ப்ராசஸர் வேலை பார்க்கும் செயலி என்றொருவன் இருந்தான். எந்தக் கணக்கையும் கண்ணிமைக்கும் முன் முடிப்பான். முடித்த கையோடு மறந்தும் விடுவான். அதனால் அவன் பக்கத்திலேயே நினைவி இருந்தாள். கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பாள். ஒரு தடவை வாங்கியதைக் கரண்ட் போனாலும் விடமாட்டாள், அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி. மூலையில் ஹார்ட் டிஸ்க்கான வட்டு அண்ணன். அவர் எழுதி வைத்தால் அழியாது. ஆனால் ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் மற்றவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"நீங்க தூங்குங்கண்ணே, எல்லாத்தையும் நானே வச்சுக்கறேன்" என்பாள் நினைவி. அவரும் தூங்கினார்.

பெட்டியின் சொந்தக்காரி பூங்கோதை, கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருந்தாள். பெட்டி வந்த அன்று அவள் முதன்முதலாக அடித்தது மகளின் பெயர்: யாழரசி. விசைப்பலகை கொண்டுவந்தது, செயலி வாங்கி நினைவியிடம் கொடுத்தான், திரை காட்டியது. அந்தப் பெயர்மேல் நினைவிக்குக் கொள்ளை ஆசை. வேலையில்லாத நேரமெல்லாம் அதையே எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

மூன்று வருஷம் ஓடியது. மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை என்று அச்சடித்துக் கொடுத்த பிறகும் ஒன்றையும் விடாமல் சேர்த்து வைத்தாள். ஒருநாள் பாதி மனுவில் இடம் தீர்ந்தது. அடுத்த எழுத்தை வைக்க வழியில்லாமல் செயலி கையைப் பிசைந்தான். திரை அப்படியே நின்றுவிட்டது.

பூங்கோதை மெக்கானிக்கை அழைத்தாள். "மெமரி நெறஞ்சு போச்சுக்கா. கழட்டித் தூரப் போட்டுட்டு வேற மாட்டிடலாம்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான் அவன்.

நினைவி யாழரசியின் பெயரை இறுகப் பிடித்துக்கொண்டாள். தன்னோடு அந்தப் பெயரும் குப்பைக்குப் போகுமே!

"பழசையெல்லாம் கீழ போடேன் தாயே!" என்று செயலி கெஞ்சினான்.

"எதப் போடறது? ஒண்ணையும் விட மனசு வரலியே!"

கடைசியில் மின்சாரத்தைக் கூப்பிட்டாள். "என்னால பொறுக்கிப் போட முடியாது. நீ போறப்போ என்கிட்ட இருக்கறது அத்தனையும் எடுத்துட்டுப் போயிடு."

"இன்னைக்கு எடுத்தேன்னா என்னைக்கும் எடுப்பேன். திருப்பித் தரமாட்டேன். சம்மதமா?"

நினைவி வட்டு அண்ணனை உலுக்கி எழுப்பினாள். "அண்ணே, இந்த ஒரு பேர மட்டும் எழுதி வச்சுக்குங்க."

தன்னைத் தூங்கச் சொன்னதை அவர் சொல்லிக் காட்டவில்லை. எழுதிக்கொண்டார். "கேட்டா தர்றேம்மா. கொஞ்சம் நேரமாகும்."

"பரவால்லண்ணே" என்றவள் மின்சாரத்திடம் "சம்மதம்" என்றாள். பதற்றத்தில் அந்தப் பாதி மனுவை அவரிடம் கொடுக்க மறந்துபோனாள்.

மெக்கானிக் பெட்டியைத் திறக்குமுன் ஸ்விட்சை அணைத்தான். எல்லாம் போயிற்று. சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தான். பெட்டி ஜோராக ஓடியது. ஸ்க்ரூ டிரைவர் பைக்குள் போனது. மனுவைக் காணாத பூங்கோதைதான் தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுபடி அடிக்கும்போது, பத்து வரிக்கொரு தடவை வட்டு அண்ணனிடம் கொடுத்து எழுதி வைக்கச் சொன்னாள்.

அன்று முதல்தான் நாமும் நடுநடுவே 'சேமி' என்பதை அழுத்துகிறோம். பெட்டி விழித்தெழக் கொஞ்ச நேரமும் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் வட்டு அண்ணன் முதல் வேலையாக ஒரு பெயரைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார். "நல்ல பேரா இருக்கே, யாருதுண்ணே?" என்று நினைவி தினமும் கேட்கிறாள்.