நூற்றுப்பன்னிரண்டு கட்டைவிரல்கள்

பனியன் கம்பெனி மேனேஜர் சபாபதி, தீ விபத்துத் தடுப்புப் பயிற்சியை வாட்ஸ்அப் குரூப்பிலேயே முடித்துவிடுவார். அவர் வீடியோ போடுவார். பார்த்தவர்கள் பதிலுக்குக் கட்டைவிரல் பொம்மை போட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

அந்த வாரம் நூற்றுப்பன்னிரண்டு பேர் போட்டார்கள். தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவுத் தெய்வானை மட்டும் போடவில்லை.

எல்லோரையும் கூட்டி அவளை முன்னால் நிறுத்தினார். "வீடியோவுல என்ன இருந்துச்சு, சொல்லு. சொல்லலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

"முழுசாப் பார்த்தேனுங்க சார். உங்க புதுவீட்டுப் பந்தியில சாம்பார் தீர்ந்துபோச்சு. உங்க மாமனார் கோவிச்சுக்கிட்டு இலையை விட்டு எந்திரிச்சுட்டாரு."

சபாபதி பதறிப்போய் போனைத் திறந்தார். அவர் அனுப்பியிருந்தது கிரகப்பிரவேச வீடியோ.

தெய்வானை கேட்டாள்: "பெரியவரு பட்டினியாப் போறாரு. அதுக்கு நான் எப்படிங்க சார் கட்டைவிரலைத் தூக்கறது?"