பூக்கட்டிப் பார்க்கிற கட்சி

அருமைநாயகத்துக்கு அறுபத்தாறு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சிவக்கொழுந்து அம்மாளுக்கு நாற்பதுகூட இருக்காது. கட்சிக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று காலை மடத்துக்குள் வந்தவரை அம்மாள் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிக் குடுங்க தாயே. சாயங்காலம் பொதுக்குழு."

விஷயம் இதுதான். கட்சித் தலைவர் போன மாசியில் காலமானார். அவர் முகத்துக்காகவே ஓட்டுப் போட்ட ஜனம். பெரிய முடிவு எதுவானாலும் அவர் பொதுக்குழு மேடையிலேயே பூக்கட்டிப் பார்ப்பார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. கூட்டத்திலிருந்து யாராவது வந்து ஒன்றை எடுக்க வேண்டும். வருகிற பூ சாமி உத்தரவு. மற்ற கட்சிகள் இதை வாய் வலிக்கக் கேலி செய்தன. செய்துவிட்டு அவரிடமே தோற்றன.

இப்போது தலைவர் இடத்தில் அருமைநாயகம், எல்லாம் அவர் தலையில். ஆளுங்கட்சியோடு கூட்டு சேரவேண்டும் என்று பாதிப் பேர், தனியாக நிற்கவேண்டும் என்று பாதிப் பேர். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. போன வாரம் மண்டை உடைந்து ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பூ சொன்னால் கட்டுப்படுகிறோம் என்பதில் மட்டும் இரண்டு தரப்பும் ஒன்று.

"தலைவர் காலத்திலயும் பொட்டலம் கட்டினது நீங்கதானே ஐயா?" என்று அம்மாள் கேட்டார்.

"நான்தான்."

"எப்படிக் கட்டுவீங்க?"

அருமைநாயகம் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். இரண்டிலும் ஒரே பூதான். எந்தப் பூ என்று தலைவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். முடிவு அவருடையது. ஆனால் தோற்ற கோஷ்டி சாமியோடு சண்டைக்குப் போக முடியாதே, அதற்காகத்தான் பூ.

அம்மாள் சிரித்துவிட்டார். "பலே ஆளுதான். இதுலயும் ஒரே பூவா?"

"இல்ல தாயே. இதுல நெசமாவே ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு. வெள்ளை வந்தா தனியா, சிவப்பு வந்தா கூட்டு. சாமியே சொல்லட்டும்."

"ஒரு தடவை தோத்தீங்களே, அப்போ தலைவர் என்ன செஞ்சாரு?"

டெபாசிட் போன தேர்தல் அது. முடிவு வந்த அன்றே தலைவர் மேடை போடச் சொன்னார். கல் விழும், வேண்டாம் என்று எல்லோரும் கெஞ்சினார்கள். செருப்பே வந்து விழுந்தது. பூ தப்பாகச் சொல்லிவிட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பூவைக் கேட்டது நான், திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள் என்று நின்றார். இதைச் சொல்லிவிட்டு அருமைநாயகம் பொட்டலங்களை அம்மாள் பக்கம் நகர்த்தினார்.

அம்மாள் பொட்டலங்களைப் பிரித்தார். நந்தியாவட்டையை எடுத்து முருகன் படத்துக்கு வைத்தார். செவ்வரளியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

அருமைநாயகம் பதறிப்போனார். இப்படிப் பண்ணிவிட்டீர்களே, கூட்டத்தில் நான் எதைக் காட்டுவேன் என்று புலம்பினார்.

"சாமிக்கு உள்ளது சாமிக்குப் போயாச்சு. உங்களுக்கு எது சரின்னு படுது?"

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"தனியா நிக்கிறதுதான். ஆனா தலைவரோட முகம் எனக்கு இல்லையே தாயே. என் பேரைச் சொன்னா பக்கத்துத் தெருக்காரனே யாருன்னு கேப்பான். பயமா இருக்கு."

"அவருக்குப் பயமே இருந்ததில்லையா?"

இருந்தது. பொதுக்குழு என்றால் முந்தின நாளே அவருக்குச் சோறு இறங்காது. சும்மா சும்மா எரிந்து விழுவார். பொட்டலம் கட்டிய அருமைநாயகத்துக்கு மட்டும்தான் அது தெரியும்.

"பூ இல்லாம, நானே சொன்னா கேப்பாங்களா?"

"கேக்காமலும் போகலாம்."

"கேட்டு, தோத்துட்டோம்னா?"

"அன்னிக்கும் மேடையில நீங்கதான் முதல்ல ஏறணும்."