அண்ணாச்சி என்று கூப்பிட்ட குரல்

“சிஸ்டர், நேத்து மில்லுக்கு வந்தியளா?”

“இல்லையே அண்ணாச்சி.”

“அப்ப அங்க பேசினது யாரு?”

லூர்தம்மாள் நாற்காலியைக் காட்டினாள். ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

அது ஒரு மனநல மருத்துவமனையின் பின்பக்கத்து அறை. முன்பக்கம் டாக்டர் மாத்திரை எழுதுவார். பின்பக்கம், முன்பு நர்ஸாக இருந்த லூர்தம்மாள், சும்மா உட்காரக் கற்றுக்கொடுத்தாள். அங்கே எழுதியதை விழுங்குகிறவர்கள்தான் இங்கே உட்காரலாம்.

கண்ணை மூட வேண்டாம். மூச்சை அடக்க வேண்டாம். பாதம் தரையில் படுவது தெரிந்தால் போதும். குரல் வந்தால் வரட்டும், போனால் போகட்டும். கொஞ்ச நேரம்தான். பிறகு டீ.

ஆவுடையப்பன் அவளைவிட மூத்தவர். மாவு மில் வைத்திருந்தார். பெல்ட் ஓடும் சத்தத்துக்குள்ளிருந்து ஒருவன் பல வருடங்களாக அவரிடம் பேசிக்கொண்டிருந்தான். ‘ஏலே’ என்றுதான் ஆரம்பிப்பான்.

ஒருமுறை அவர் தாமாகவே மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஏலே, கையை பெல்ட்டுக்குள்ள விடு என்றான். விட்டார். மனைவி சொர்ணத்தாய் ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்ததால் இரண்டு விரலோடு போயிற்று.

இந்த அறைக்கு வரத் தொடங்கிய பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊரில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அவன் ஒருவன்தான் ஏலே என்பான். ஆகவே ஏலே என்றால் காதில் வாங்க வேண்டியதில்லை. அண்ணாச்சி என்றால் மனுஷக் குரல், நம்பலாம். இதை லூர்தம்மாளிடம் பெருமையாகச் சொன்னார். நீங்கள் சொல்வதை அவனும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறான் என்று அவள் கேட்டாள். அன்று அவருக்கு அது விளங்கவில்லை.

நேற்று மத்தியானம் மில்லில் அவரையும் சொர்ணத்தாயையும் தவிர ஆள் இல்லை. பெல்ட் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மெதுவாக, மரியாதையாக.

“நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டாள் லூர்தம்மாள்.

“அண்ணாச்சி, நல்லா உட்காரப் பழகிட்டீங்க, இனிமே மாத்திரை வேண்டாம்னு.”

“என் குரல்லயா?”

“உங்க குரலேதான். நடுவுல ஒரு இருமல் வருமே, அதுவும் வந்திச்சு.”

எதிரே வாசலில் நின்ற சொர்ணத்தாய், நேற்று ராத்திரியும் இன்று காலையும் அவர் மாத்திரை போடவில்லை என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். சிஸ்டரே சொன்ன பிறகு நீ யார் என்று அவளிடம் சண்டைக்கு வந்தாராம்.

“மில்லுல நின்னு பார்த்தேன் சிஸ்டர். ஒருத்தரும் வரலை. இவுக கதவைப் பார்த்துத் தலையாட்டிக்கிட்டே நிக்காக.”

ஆவுடையப்பன் லூர்தம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு அடையாளம் சொல்லுங்க சிஸ்டர். பேசறது நீங்கதான்னு தெரியிற மாதிரி. யாருக்கும் கேக்காம என் காதுக்குள்ள சொல்லுங்க, போதும்.”

“யாருக்கும் கேக்காம, உங்க காதுக்குள்ளயா?”

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மெல்லத் திரும்பித் தம் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“ஆமா,” என்றார். “அங்கதான இருக்கான்.”

லூர்தம்மாள் வேறு எதையோ கேட்டாள். தீபாவளி நெருக்கத்தில் மில்லில் கூட்டம் எப்படி இருக்கும் என்று. நிற்க இடம் இருக்காது என்றார் அவர். ஒருத்தி அடுப்பில் எண்ணெய் காய்கிறது என்பாள். ஒருத்தி பஸ் போய்விடும் என்பாள். என்னுடையது முதலில் என்று எல்லோரும் கத்துவார்கள்.

“நீங்க என்ன செய்வீங்க?”

“என்ன செய்ய? எல்லாம் காதுல விழும். வரிசையில எந்த டப்பா முன்னால இருக்கோ அதை எடுத்துக் கொட்டுவேன்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவருக்குப் பொறுமை போயிற்று.

“அடையாளம் வேண்டாம். நேத்துப் பேசினது நீங்களா இல்லையா, அதை மட்டும் சத்தியமாச் சொல்லுங்க.”

“நான் இல்லை.”

“இப்பப் பேசறது?”

“நான்.”

“இதையும் அந்தக் குரல் சொல்லுமே சிஸ்டர்.”

“சொல்லும்.”

சொர்ணத்தாயின் கையிலிருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து, மூன்று விரல் மிச்சமிருந்த அவருடைய கையில் வைத்தாள் லூர்தம்மாள். தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு நடந்து அவருடைய நாற்காலிக்குப் பின்னால் போனாள். இனி அவருக்கு அவள் முகம் தெரியாது.

“பாதம் தெரியுதா அண்ணாச்சி?”

“தெரியுது. தரை சில்லுன்னு இருக்கு.”

அவருக்கு வியர்த்தது. மாத்திரை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

பின்னாலிருந்து குரல் வந்தது. காதுக்கு மிக அருகில்.

“அண்ணாச்சி, அதைக் கீழே போட்டுருங்க.”

அவளுடைய குரல்தான். மெதுவாக, மரியாதையாக.

சொர்ணத்தாய் நேர் எதிரே நின்றாள். அவள் காதிலும் அது விழுந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். திரும்பிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

ஆவுடையப்பன் இரண்டையும் செய்யாமல் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார். தம்ளரைக் காலி செய்தார்.

“நாக்குல ஒட்டிக்கிட்டு நிக்கி,” என்றார் சொர்ணத்தாயிடம். “இன்னும் கொஞ்சம் தண்ணி குடு.”