இரண்டு சவரிமுத்து

டாக்டர் மெஹருன்னிசாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவருடைய மாணவர் பரஞ்சோதிக்கு ஐம்பத்தொன்று. மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுவார். டாக்டருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அன்று காலை பரஞ்சோதி ஸ்கேன் படத்தோடு ஓடி வந்தார். அவர் செய்த நுண்துகள் புற்றுக்கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் படத்தில் ஒளிரும். அதே துகளில் மருந்தை ஏற்றி அனுப்பினால் கட்டி கரையும்.

“பாருங்க மேடம், கட்டி பளிச்சுனு தெரியுது. நாளைக்கே முழு அளவு மருந்தையும் குடுத்துடலாம்.”

“கன்னத்துக்குக் கீழேயும் ஒளிருதே?”

“அது உமிழ்நீர்ச் சுரப்பி. கட்டியில இருக்கிற அதே அடையாளம் அங்கேயும் இருக்கு. துகள் அடையாளத்தைப் பார்த்துத்தான் போகுது. அது மேல என்ன தப்பு?”

டாக்டர் அவரைக் காத்திருப்புக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

“சவரிமுத்து” என்று கூப்பிட்டார்.

இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் அந்தப் படத்துக்குரிய நோயாளி. இன்னொருவர் மனைவிக்குத் துணையாக வந்தவர். பாவம், அதற்குள் சட்டைக் கையை மடித்து ஊசிக்குத் தயாராகிவிட்டார்.

“உங்களுக்கு இல்ல, உட்காருங்கய்யா” என்ற டாக்டர், நோயாளியிடம் திரும்பினார். “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?”

“மீன் ஏலம் விடுறேன் டாக்டரம்மா. காலையில வாயைத் திறந்தா கடைசிக் கூடை போற வரைக்கும் மூடமாட்டேன். நாக்கு காஞ்சா நம்ம பொழப்பு போச்சு.”

பரஞ்சோதியின் முகம் சுருங்கிப் போனது. முழு அளவும் ஒரே தடவையில் போனால் அந்தச் சுரப்பிகளும் வற்றிப்போகலாம். பக்கவிளைவுப் பட்டியலில் அதை எழுதியதே அவர்தான்.

திரும்பும்போது மெல்லச் சொன்னார்.

“மருந்தை நாலாப் பிரிச்சுக் குடுப்போம் மேடம். ஒவ்வொரு தடவையும் படம் பார்த்துட்டு அடுத்தது.”

“கட்டி அதுவரைக்கும் பொறுக்குமா?”

“அதையும் படத்துல பார்த்துக்கலாம். ரெண்டையும் அவர்கிட்ட சொல்லி, அவரையும் கேட்கணும்.”

அறை வாசலில் பரஞ்சோதி நின்றார்.

“நீங்க இனிஷியலோட கூப்பிட்டிருந்தா ஒருத்தர்தான் எந்திரிச்சிருப்பார்.”

“ஆமா சார்.”

“துகளுக்கு இனிஷியல் தெரியாதே மேடம்” என்றபடி, படத்தை மறுபடி பார்ப்பதற்காகச் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.

டாக்டர் அவர் தலையிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க சார்.”