ராஜாவின் பத்து வயசும் அங்காயியின் சவுக்காரமும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் குளிர்சோலை என்ற நாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிடக் கண்ணாடி பார்த்தான் என்பதுதான் சரி. மனசில் கள்ளமில்லாதவன். ஆனால் காலையில் ஒன்று சொல்வான், மத்தியானம் வேறொன்று சொல்வான்.

தலைநகரத்துக் கடைத்தெருவில் அங்காயி என்ற பெண் தேங்காய் எண்ணெயையும் உவர்மண் தண்ணீரையும் காய்ச்சிச் சவுக்காரக் கட்டி செய்து விற்றுவந்தாள். அதில் ஒரு கட்டி எப்படியோ அரண்மனைக் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்தது. குளித்துவிட்டுக் கண்ணாடி பார்த்த ராஜா, ஈரத் தலையோடு சபைக்கு வந்துவிட்டான்.

"பார்த்தீர்களா? எனக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது."

சபையே ஆமாம் போட்டது. பதிவேட்டு அதிகாரி விடங்கனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அதுவரை ராஜா தேய்த்துக் குளித்த நலங்குமாவு அவனுடைய மைத்துனன் அரைத்துக் கொடுத்தது. இனி அதை யார் சீந்துவார்கள்?

மறுநாளே விடங்கன் அங்காயி கடை வாசலில் வந்து விதி ஓலையை விரித்தான். "வெறும் சவுக்காரம் என்றால் ஏட்டில் பேரை எழுதிவிட்டு விற்கலாம். வயசைக் குறைக்கும் என்று சொன்னால் அது அழகுப் பொருள். ஏழு வைத்தியர்கள், ஆளுக்கு ஒரு மாதம் சோதிக்க வேண்டும். அதுவரை கடையைப் பூட்டு."

"நான் அப்படிச் சொல்லவே இல்லீங்களே."

"ஊரே சொல்கிறது."

"ஏழு மாசம் பூட்டிட்டு எதைத் திங்கறது? இந்தக் கட்டியையா?"

"அதற்கு விதியில் தடை இல்லை" என்று சொல்லிப் பூட்டைத் தொங்கவிட்டுப் போனான் அந்தப் புண்ணியவான்.

அங்காயி அழுதுகொண்டே மந்திரி மதிசூடனிடம் ஓடினாள். அவர் முழுக்கதையையும் கேட்டார். பிறகு அவளைக் கையோடு சபைக்கு அழைத்துப் போனார்.

"மகாராஜா, ஒருவர் பதிவு செய்யாமலேயே ஒரு சவுக்காரம் வயசைக் குறைக்கும் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறார். சொன்னவர்தானே பதிவேட்டின் முன் வந்து நிற்க வேண்டும்?"

"இதிலென்ன சந்தேகம்? அவனைப் பிடித்து வாரும்."

"பிடிக்க வேண்டியதில்லை பிரபு. சிம்மாசனத்தில்தான் இருக்கிறார்."

ராஜாவின் முகம் சிவந்தது. உடனே, அவன் குணம்தான் தெரியுமே, அதுவே ஒரு விளையாட்டாகப் பட்டுவிட்டது. இறங்கி வந்து விடங்கன் முன் நின்றான். "எழுதிக்கொள். பேர், அதிரவர்மன். சொன்னது, பத்து வயசு குறைந்தது."

மதிசூடன் பணிவாகத்தான் கேட்டார். "விடங்கரே, அது உண்மையா, பொய்யா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். உண்மை என்றால் சோதனை இங்கேயே முடிந்தது, வைத்தியர்கள் எதற்கு? பொய் என்றால், ராஜா சொன்னது பொய் என்று உங்கள் கையாலேயே எழுத வேண்டியிருக்கும்."

ராஜா கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினான். விடங்கன் எழுத்தாணியை எடுத்தான். 'உண்மை' என்று எழுதினான். "பன்னிரண்டுகூடக் குறைந்திருக்கலாம், பிரபு" என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அங்காயி பக்கம் திரும்பினான். "உன் வாயாலும் சொல், அம்மா. உன் சவுக்காரம் வயசைக் குறைக்கும்தானே?"

ஆமாம் என்றால் பரிசு கிடைக்கும். இல்லை என்றால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. மதிசூடனே இதை எதிர்பார்க்கவில்லை. அங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்ல வராதுங்க, மகாராஜா. இந்தக் கட்டிக்கு அழுக்கை எடுக்க மட்டும்தான் தெரியும்."

ராஜா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அப்படியென்றால் இத்தனை காலமும் பத்து வயசு அழுக்கோடா உட்கார்ந்திருந்தேன்?"

மந்திரி கூரையில் எதையோ கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எழுத்தாணியை வாங்கி, 'உண்மை' என்றிருந்ததை அடித்துவிட்டுத் தானே எழுதினான்: 'அங்காயி சவுக்காரம். அழுக்குப் போகும்.'

"வெறும் சவுக்காரம்தானே, பதிவு முடிந்தது. போய்க் கடையைத் திற, அம்மா. இனி அரண்மனையில் எல்லோருக்கும் உன் கட்டிதான். முதல் கட்டியை விடங்கனிடம் கொடு. அவன் குளித்துவிட்டு வரட்டும். அவனிடம் எத்தனை வயசு அழுக்கு இருக்கிறதென்று பார்த்துவிடுவோம்."